டேடோனா கடற்கரைக்குக் குடும்பத்துடன் செல்ல எந்த வாரம் ஏற்றது?

செக்காலை வாசி (காரைக்குடி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் நானும் என் மனைவியும், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகனும், எழுபதை நெருங்கும் என் ஆத்தாவும் அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில் பணிபுரியும் என் தம்பி வீட்டுக்குச் செல்லவிருக்கிறோம். தம்பி வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய டேடோனா பீச் என்ற கடற்கரை நகரில் இரண்டு மூன்று நாள்கள் தங்க வேண்டும் என்பது என் மகனின் நெடுநாள் ஆசை. கார்ப் பந்தயம் என்றால் அவனுக்கு உயிர். டேடோனா 500 பந்தயம் பிப்ரவரியில்தான் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டதிலிருந்து அவன் வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை.

எனக்கு உள்ள தயக்கம் ஆத்தாவைப் பற்றியது. அவர்களுக்கு முழங்கால் வலி உண்டு. நீண்ட தூரம் நடக்க இயலாது. கூட்டமும் இரைச்சலும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் கடல் என்றால் மிகவும் பிடிக்கும். பந்தய வாரத்தில் அந்த ஊரே திருவிழாக் கோலத்தில் இருக்கும் என்றும், விடுதி வாடகை பல மடங்கு உயரும் என்றும் தம்பி சொல்கிறான். அப்படியானால் பந்தயத்தைத் தவிர்த்துவிட்டு வேறு வாரத்தில் செல்வது நல்லதா, அல்லது அவ்வளவு தூரம் சென்றுவிட்டு அதைப் பார்க்காமல் திரும்புவது சரியாகாதா? கடற்கரை மணலிலேயே காரை ஓட்டிச் செல்லலாம் என்பது உண்மையா? அந்தக் கடலில் குளிக்கலாமா? சைவ உணவுக்கு என்ன வழி? சென்று வந்தவர்களும் அங்கே வசிப்பவர்களும் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

தேவகோட்டையார் (தற்போது மத்திய ஃபுளோரிடா) எழுதுகிறார்:

வணக்கம். நான் அந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை டேடோனாவுக்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. உங்கள் கேள்விக்கு விடை அந்த ஊரின் நாள்காட்டியில்தான் இருக்கிறது.

ஜனவரி இறுதியில் ரோலெக்ஸ் 24 என்ற இருபத்து நான்கு மணி நேரப் பந்தயம் நடக்கும். பிப்ரவரி நடுவில், பெரும்பாலும் மூன்றாம் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறன்று, டேடோனா 500 நடக்கும். பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ பைக் வீக் எனப்படும் மோட்டார் சைக்கிள் விழா தொடங்கிப் பத்து நாள்கள் நீடிக்கும். அப்போது நாடு முழுவதிலிருந்தும் இலட்சக்கணக்கானவர்கள் வண்டியோடு வந்து இறங்குவார்கள்; மெயின் ஸ்ட்ரீட்டில் நின்று அருகிலிருப்பவரிடம் பேசினால் அவர் காதில் விழாது. அதற்குப் பிறகு மார்ச் முழுவதும் கல்லூரி விடுமுறைக் கூட்டம். இவற்றுக்கு இடையில், 500 பந்தயம் முடிந்த மறுநாளுக்கும் பைக் வீக் தொடங்கும் நாளுக்கும் நடுவே, ஏறத்தாழ ஒன்றரை வாரம் ஊர் ஓய்ந்திருக்கும். உங்கள் ஆத்தாவை அழைத்துச் செல்ல வேண்டிய வாரம் அதுதான். விடுதி வாடகை இறங்கியிருக்கும், கடற்கரையில் இடம் தாராளமாகக் கிடைக்கும், வெயிலும் நம் ஊர் மார்கழிக் காலை போல இதமாக இருக்கும்.

மகனுக்காக ஒரு வழி சொல்கிறேன். 500 நடக்கும் வாரத்தின் வியாழக்கிழமை இரவில் இரண்டு தகுதிப் பந்தயங்கள் நடைபெறும். முதல் வரிசையில் நிற்கும் இரு கார்களைத் தவிர மற்றவை எந்த இடத்திலிருந்து புறப்படும் என்பதை அவைதாம் முடிவு செய்கின்றன. அதே ஓட்டுநர்கள், அதே கார்கள், அதே களம். ஆனால் கூட்டம் குறைவு, சீட்டின் விலையும் குறைவு. நீங்களோ உங்கள் தம்பியோ பையனை மட்டும் அழைத்துக்கொண்டு ஒர்லாண்டோவிலிருந்து மாலையில் சென்று இரவே திரும்பிவிடலாம். பிறகு குடும்பத்தோடு அடுத்த வாரம் சென்று தங்கலாம்.

ஊரின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். பந்தயக் களம் கடற்கரையில் இல்லை. அது நிலப்பகுதியில், விமான நிலையத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அங்கிருந்து இன்டர்நேஷனல் ஸ்பீட்வே பூலவார்டு என்ற சாலை நேர்க்கிழக்கே சென்று, ஹாலிஃபாக்ஸ் ஆற்றைப் பாலத்தில் கடந்து, ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் கடலில் முடிகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய தீவுத்திட்டில்தான் விடுதிகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எனவே விடுதியைக் கடற்கரைப் பக்கமே பாருங்கள். கடலைப் பார்த்த மாடம் உள்ள அறையாக இருந்தால் ஆத்தா கீழே இறங்காமலேயே சூரிய உதயத்தைப் பார்க்கலாம்.

மணலில் கார் ஓட்டலாம் என்பது முழு உண்மை. அங்கு மணல் மிகவும் நுண்ணியது. ஈரம் பட்டவுடன் இறுகிவிடுகிறது. கரை அகலமாகவும் சரிவு குறைவாகவும் இருப்பதால், கடல் உள்வாங்கிய நேரத்தில் அது தார்ச்சாலைக்கு நிகராகக் கிடக்கும். ஈரமணலில் நடந்து பாருங்கள். கால் புதையாது, பாதத்தின் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகப் பதியும். குறிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும், பகல் நேரத்தில் மட்டும், நுழைவாயிலில் கட்டணம் செலுத்திவிட்டு ஓட்டலாம். வேகம் மணிக்கு 10 மைலுக்கு, அதாவது 16 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முகப்பு விளக்கை எரியவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும் என்பதும் விதி. அலையின் இரைச்சலில் குழந்தைகள் வருவது கேட்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக இந்த விதியை நான் மனமார மதிக்கிறேன். கடல் ஏறும் நேரத்தில் வாகனங்களை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே முந்தைய நாளே கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் மணலில் ஓட்டத் தடை இருக்கிறதா என்பதைப் படித்துப் பாருங்கள். யாருடைய கார் என்றாலும் அன்று மாலையே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

மணலில் வண்டி போவதை வெறும் வேடிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களைக் கடலுக்கு இருபது முப்பது அடி தொலைவு வரை காரிலேயே அழைத்துச் சென்று, கதவைத் திறந்து நாற்காலியில் அமர்த்த முடிகிற கடற்கரை வேறு எங்கே எளிதில் கிடைக்கும்?

கோனாப்பட்டு ரசிகன் எழுதுகிறார்:

தேவகோட்டையார் எழுதியது அனைத்தும் பயனுள்ளது. ஆனால் வியாழக்கிழமை தகுதிப் பந்தயத்தோடு பையனைத் திருப்பி அனுப்பச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பதினான்கு வயதில் கார்ப் பந்தயத்தை இவ்வளவு நேசிக்கும் ஒரு பிள்ளை பிப்ரவரி மாதத்தில் ஒர்லாண்டோவில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பது நியாயமில்லை. ஆத்தா தம்பி வீட்டில் ஓய்வெடுக்கட்டும். பையனை 500 பந்தயத்துக்கே அழைத்துச் செல்லுங்கள்.

அந்த ஊருக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பவை அனைத்தும் வேறு விதமாகத் தெரியும். 1903இல் பக்கத்து ஊரான ஆர்மண்ட் பீச்சின் மணலில்தான் இந்தப் பகுதியின் முதல் கார்ப் பந்தயங்கள் நடந்தன. நல்ல சாலைகளே இல்லாத அந்தக் காலத்தில், மைல் கணக்கில் நேராகவும் சமமாகவும் கிடந்த கடினமான தளமாக இந்தக் கடற்கரை இருந்தது. 1927இல் ஹென்றி செக்ரேவ் என்ற ஆங்கிலேயர் இங்குதான் மணிக்கு 203.79 மைல் வேகத்தில் ஓட்டி, 200 மைலைக் கடந்த முதல் மனிதரானார். 1935 மார்ச் 7ஆம் நாள் மால்கம் கேம்பல் தம் புளூ பேர்டு காரில் 276.82 மைல், அதாவது ஏறத்தாழ 445 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். ஆனால் மணல் ஒவ்வோர் அலைக்கும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்வது. சிறு மேடும் பள்ளமும் அந்த வேகத்தில் உயிருக்கு ஆபத்து. அதே ஆண்டு செப்டம்பரில் கேம்பல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புப் பாலைக்குச் சென்று 300 மைலைக் கடந்தார். வேகச் சாதனைக்காரர்கள் அனைவரும் அவர் பின்னால் சென்றுவிட்டார்கள்.

டேடோனா சும்மா இருந்துவிடவில்லை. 1936 முதல் 1958 வரை ஒரு புதுமையான களத்தில் பந்தயம் நடந்தது. கடற்கரையை ஒட்டிய ஏ1ஏ நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி ஓடி, முனையில் திரும்பி, மணலில் இறங்கி, கடலோரமாகவே வடக்கு நோக்கி வந்து மீண்டும் சாலை ஏற வேண்டும். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள்: ஊர்ச் சாலையே களம், எல்லை வரை ஓடித் திரும்ப வேண்டும், திருப்பத்தில் தான் வெற்றியும் தோல்வியும். அங்கே திரும்பும் வழி தார்ச்சாலையில் இல்லாமல் அலையோரத்தில் இருந்தது; அவ்வளவுதான் வேறுபாடு. கடல் ஏறுவதற்குள் பந்தயத்தை முடித்தாக வேண்டும் என்பதால் புறப்படும் நேரத்தைக் கடலே முடிவு செய்தது. சீட்டு வாங்காமல் மணல்மேட்டுப் புதர்கள் வழியாக நுழைபவர்களைத் தடுக்க நச்சுப்பாம்பு எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருந்தார்கள். வடக்குத் திருப்பம் இருந்த இடத்தில் இப்போது ஓர் உணவகம் இருக்கிறது. அங்கே அமர்ந்து ஒரு தேநீர் குடித்தாலும் பழைய களத்தின் மேலேயே அமர்ந்திருப்பீர்கள்.

இந்தப் பந்தயங்களை நடத்திய பில் ஃபிரான்ஸ், 1947 டிசம்பரில் அதே ஊரின் ஸ்ட்ரீம்லைன் விடுதியில் ஓட்டுநர்களையும் அமைப்பாளர்களையும் கூட்டிப் பேசியதன் விளைவாகத்தான் 1948இல், டேடோனா 500 போன்ற பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு பிறந்தது. விடுதி இன்றும் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. வெளியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பையன் மகிழ்வான்.

கூட்டம் பெருகப் பெருக மணற்களம் போதாமல் போகவே, ஃபிரான்ஸ் கட்டிய நிலையான களம் 1959இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 2.5 மைல், இருநூறு சுற்றுகள் சேர்ந்து 500 மைல். வளைவுகள் 31 பாகை சாய்ந்திருக்கின்றன. தொலைக்காட்சியில் அந்தச் சாய்வு சற்றும் தெரியாது. நேரில் அதன் அடியில் நின்றால், தார் ஊற்றிய மதில் ஒன்று தலைக்கு மேலே எழுந்து நிற்பது புலப்படும். கைகளை ஊன்றாமல் மேலே ஏறுவது கடினம். கார்கள் வேகத்தைக் குறைக்காமல் திரும்புவதற்கும், எட்ட அமர்ந்திருப்பவர்களும் வளைவில் வரும் கார்களைக் காண்பதற்கும் இந்தச் சாய்வு உதவுகிறது. இதற்கு வேண்டிய மண்ணைக் களத்தின் நடுவிலேயே வெட்டி எடுத்தார்கள். வெட்டிய பள்ளம் 29 ஏக்கர் ஏரியாகி, லாய்டு ஏரி என்ற பெயரோடு இன்றும் நடுவில் கிடக்கிறது. முதல் டேடோனா 500 பிப்ரவரி 22 அன்று நடந்தது. லீ பெட்டியும் ஜானி போச்சாம்பும் பக்கவாட்டில் ஒட்டியபடியே எல்லையைக் கடந்ததால், புகைப்படங்களையும் செய்திப்படச் சுருளையும் ஆராய்ந்து, பெட்டிதான் வென்றார் என்று அறிவிக்க மூன்று நாள்கள் ஆயின.

பையனுக்கு இவற்றில் பாதி தெரிந்திருக்கும். உடன் செல்லும் பெரியவர்களுக்காக ஒன்று விளக்குகிறேன், ஏனெனில் இது புரியாவிட்டால் நாற்பது கார்கள் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருவது போலத்தான் தோன்றும். முன்னால் செல்லும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் காருக்குத் தடை குறைவு. முன் காரின் பின்னிழுப்பும் குறைகிறது. ஆகவே தனியாக ஓடும் காரைவிட வரிசையாக ஒட்டி ஓடும் இரண்டு கார்கள் வேகமாகச் செல்லும். 1987இல் பில் எலியட் இங்கே தகுதிச் சுற்றில் மணிக்கு 210.364 மைல் ஓட்டினார். அதே ஆண்டு டல்லடேகா களத்தில் ஒரு கார் எகிறிப் பார்வையாளர் வேலியைக் கிழித்ததால், மறு ஆண்டிலிருந்து இயந்திரத்துக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தத் தொடங்கினார்கள். எனவே எல்லாக் கார்களின் வலிமையும் ஏறத்தாழ ஒன்றுதான். தனியே விலகி ஓட எவராலும் இயலாது. யார் யாருக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள், கடைசிச் சுற்றில் யாரை விட்டு யார் பிரிகிறார்கள் என்பதைக் கவனித்தால் மூன்று மணி நேரமும் போவது தெரியாது. கூட்டத்தில் ஒருவர் தடுமாறினால் பத்து இருபது கார்கள் மோதிக்கொள்வதற்கும் காரணம் இதுவே.

டேல் எர்ன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற ஓட்டுநரின் கதையையும் ஆத்தாவுக்குச் சொல்லுங்கள், கேட்பார்கள். வேறு பல பெரிய பந்தயங்களில் வென்ற அந்த மனிதருக்கு 500 மட்டும் பத்தொன்பது முறை ஓட்டியும் கைக்கு எட்டவில்லை. 1998இல் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு சிறுமி அதிர்ஷ்டத்துக்கு என்று ஒரு சென்ட் காசைக் கொடுத்தாள். அவர் அதைக் காரின் முன்பலகையில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு ஓட்டி வென்றார். போட்டி அணிகளின் பணியாளர்கள் அனைவரும் வரிசையாக வந்து நின்று அவர் கையைப் பற்றினார்கள். மூன்றே ஆண்டுகளில், 2001 பிப்ரவரி 18 அன்று, அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் நான்காம் வளைவில் சுவரில் மோதி உயிரிழந்தார். தலையையும் கழுத்தையும் தாங்கும் பட்டை அந்த ஆண்டே கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் சுவர்களுக்கு அதிர்ச்சி தாங்கும் தடுப்புகளும் வந்தன. அதற்குப் பிறகு நாஸ்காரின் முதன்மைப் பிரிவில் எந்த ஓட்டுநரும் பந்தயத்தில் இறக்கவில்லை. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓட்டியிருக்கிறார் என்பதையும் பையனுக்கு நினைவூட்டுங்கள்.

சில நடைமுறைச் செய்திகள். வேலிக்கு அருகில் உள்ள கீழ்வரிசை வேண்டாம். அங்கே கார் கண்ணுக்கு முன் ஒரு வண்ணக் கீற்றாக மட்டுமே தெரியும். எவ்வளவு உயரத்தில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. களம் முழுவதும் தெரியும். செவியடைப்பான் இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. ஓட்டுநரும் அணியும் பேசிக்கொள்வதைக் கேட்கும் வானொலிக் கருவி வாடகைக்குக் கிடைக்கும். பையனுக்கு அதை மறக்காமல் எடுத்துக் கொடுங்கள். முக்கியமாக, திங்கட்கிழமையை ஒதுக்கி வையுங்கள். மழை பெய்தால் இந்தக் களத்தில் ஓட்ட மாட்டார்கள். 2012இலும் 2024இலும் பந்தயம் திங்களுக்குத் தள்ளிப்போனது.

கோட்டையூர் மீனாள் எழுதுகிறார்:

பந்தயத்தைப் பற்றி அண்ணன்மார் இருவரும் எழுதிவிட்டார்கள். என் மாமனாரையும் மாமியாரையும் அங்கே அழைத்துச் சென்ற அனுபவத்தில், உங்கள் ஆத்தாவுக்காகவும் உங்கள் மனைவிக்காகவும் சில செய்திகளை எழுதுகிறேன்.

முதலில் கடல். நம்மவர்கள் தொண்டியிலும் மீமிசலிலும் பார்த்துப் பழகிய கடல் பாக் நீரிணை. அது ஆழமில்லாதது, அலையும் அடங்கியது. அரை மைல் நடந்தாலும் இடுப்பளவு நீர்தான் இருக்கும். டேடோனாவில் இருப்பது திறந்த அட்லாண்டிக் பெருங்கடல். அலைகள் கரைமேல் குவிக்கும் நீர் திரும்பிச் செல்லும்போது, அடிமணல் திட்டுகளுக்கு இடையில் உள்ள இடைவெளி வழியாக ஆறு போல விரைந்து கடலுக்குள் ஓடும். மேலோட்டமாகப் பார்த்தால் அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். புதியவர்கள் அதனாலேயே அங்கு இறங்கிவிடுவார்கள். சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். காவலர் கோபுரத்தில் பறக்கும் கொடியைப் பாருங்கள்: சிவப்பு என்றால் இறங்க வேண்டாம், ஊதா என்றால் நீரில் ஜெல்லிமீன் போன்றவை இருக்கின்றன. எப்படியும் பிப்ரவரியில் நீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும். ஆத்தா காலை நனைத்துக்கொண்டு அமர்ந்திருந்தால் போதும். பையன் நீந்த ஆசைப்பட்டால் காவலர் இருக்கும் இடத்தில் மட்டும் விடுங்கள். இதில் சற்றும் இளக்கம் காட்ட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

காலையில் ஆத்தாவை நீரோரமாக அமர்த்துங்கள். அலை பின்வாங்கும் கணத்தில், நகத்தளவு உள்ள சிப்பிகள் வெள்ளையும் மஞ்சளும் செந்நீலமுமாகக் கூட்டமாக வெளிப்பட்டு, அடுத்த அலை வருவதற்குள் செங்குத்தாக நின்று மணலுக்குள் குடைந்து மறைந்துவிடும். என் மாமியார் எழுந்து வர மனமில்லாமல் ஒரு காலைப் பொழுது முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூழைக்கடாக்கள் வரிசையாக அலைமேல் தாழ்ந்து பறக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை அருகிவரும் வலத் திமிங்கிலங்கள் கன்று ஈனுவதற்கு இந்தக் கடலோரத்துக்கு வருகின்றன. வாய்ப்பு இருந்தால் கரையிலிருந்தே காணலாம். மே முதல் அக்டோபர் வரை கடலாமைகள் முட்டையிடும் பருவம். உங்கள் பயணத்தில் அது வராது. ஆனால் தெற்கு முனையில் உள்ள பான்ஸ் இன்லெட் கடல் அறிவியல் நிலையத்தில் அடிபட்ட ஆமைகளைப் பராமரிப்பதைப் பார்க்கலாம்.

அதன் அருகிலேயே 1887இல் கட்டி முடிக்கப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. உயரம் 175 அடி, படிகள் 203. ஃபுளோரிடாவில் மிக உயரமானது இதுவே. ஆத்தா கீழே மர நிழலில் இருக்கட்டும். பையன் ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் ஆறும் ஒரு பக்கம் கடலும், இடையில் பழைய மணற்களம் இருந்த நிலமும் ஒரே பார்வையில் தெரியும்.

ஊருக்குள் பெத்தூன்-குக்மன் பல்கலைக்கழகத்தையும் ஒருமுறை பாருங்கள். மேரி மெக்லியட் பெத்தூன் அம்மையார் 1904இல் கையில் ஒன்றரை டாலரோடு, ஐந்து கறுப்பினச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. அவர் வாழ்ந்த வீடு வளாகத்திலேயே பாதுகாக்கப்படுகிறது. வள்ளல் அழகப்பர் கல்விக்கு வாரிக் கொடுத்த ஊரிலிருந்து செல்பவர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பது என் எண்ணம்.

சைவ உணவுக்கு டேடோனாவில் வழி குறைவு. ஒர்லாண்டோவில்தான் நம் உணவகங்கள் உள்ளன. சமையல் மேடை உள்ள விடுதி அறை எடுத்து, சிறிய குக்கரும் அரிசியும் பொடிகளும் கொண்டு போய்விடுங்கள். ஊரிலிருந்து வரும்போது சீப்புச்சீடையும் மணகோலமும் தேன்குழலும் கொஞ்சம் தாராளமாகவே எடுத்து வாருங்கள். கடற்கரையில் அவை போதுமானதாக இருக்காது. ஆத்தாவுக்குக் கோயிலுக்குப் போகும் ஆசை இருந்தால், ஒர்லாண்டோவுக்கு வடக்கே காசல்பெரியில் இந்துக் கோயில் இருக்கிறது; போகும்போதோ வரும்போதோ தரிசித்துக்கொள்ளலாம். ராக்கெட் ஏவும் நாள் தற்செயலாக அமைந்தால், தெற்கே கேப் கனாவரலிலிருந்து அது எழுவதை டேடோனா மணலில் நின்றே பார்க்கலாம்.

செக்காலை வாசி எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். காசை ஒட்டிக்கொண்டு ஓட்டியவர் இறந்த இடம் வந்தபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பையனைப் பெரிய பந்தயத்துக்கே கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லிவிட்டார்கள். எனவே ஞாயிறன்று தம்பியும் மகனும் நானும் செல்கிறோம். திங்களை ஒதுக்கி வைத்துவிட்டோம். அதற்கு அடுத்த வாரம் குடும்பத்தோடு கடற்கரையில் தங்குகிறோம்.

இரண்டு ஐயங்கள் மட்டும். பந்தய நாளில் ஒர்லாண்டோவிலிருந்து எப்போது புறப்பட வேண்டும்? பந்தயம் இல்லாத அடுத்த வாரத்தில் ஆத்தாவும் மனைவியும் களத்தை உள்ளே சென்று பார்க்க முடியுமா? மகன் அவர்களுக்குக் காட்டியே தீர வேண்டும் என்கிறான்.

தேவகோட்டையார் எழுதுகிறார்:

பெரியவர்கள் சொன்ன பிறகு நான் என்ன மறுப்பது! ஞாயிறு காலை ஏழு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். பந்தயம் பிற்பகலில்தான் தொடங்கும் என்றாலும் ஐ-4 நெடுஞ்சாலை முன்பே நிறைந்துவிடும். முடிந்தவுடன் வெளியேற முண்டியடிக்க வேண்டாம். வாகன நிறுத்துமிடத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், முன்னே போனவர்களோடு ஏறக்குறைய ஒன்றாகவே வீடு சேர்வீர்கள். மாலையில் காற்று குளிரும். பையனுக்கு ஒரு மேற்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பந்தயம் இல்லாத நாள்களில் களத்தைச் சுற்றிக் காட்டும் டிராம் பயணம் உண்டு. அமர்ந்தபடியே செல்வதால் ஆத்தாவுக்குச் சிரமம் இருக்காது. எந்தெந்த நாளில் நடக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். களத்தோடு சேர்ந்த அமெரிக்க மோட்டார் விளையாட்டுப் பெருமக்கள் காட்சியகத்தையும் தவற விடாதீர்கள். கோனாப்பட்டு நண்பர் எழுதிய கேம்பலின் புளூ பேர்டு அங்கேதான் நிற்கிறது: 8 மீட்டருக்கு மேல் நீளம், பின்னச்சில் இரட்டைச் சக்கரங்கள், உள்ளே விமானப் பந்தயத்துக்காக ரோல்ஸ் ராய்ஸ் செய்த இயந்திரம். 500 பந்தயத்தில் வென்ற காரையும் கழுவாமல், வெற்றிக் கொண்டாட்டத்தில் ஒட்டிய வண்ணக் காகிதத் துணுக்குகளோடும் தார்க் கறையோடும் அப்படியே கொண்டுவந்து ஓராண்டு நிறுத்தி வைப்பார்கள். நீங்கள் செல்லும்போது உங்கள் மகன் ஞாயிறன்று கண்ணால் பார்த்த கார்தான் அங்கே இருக்கும்.

விடுதியை இப்போதே பதிவு செய்யுங்கள். பைக் வீக் தொடங்கும் வெள்ளிக்கு முந்தைய புதன்கிழமைக்குள் அறையைக் காலி செய்யும்படி நாள்களை அமைத்துக்கொள்ளுங்கள்.